மலைக்கு முதுகு காட்டிய வீடு

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. அந்த ஐந்தாம் வகுப்பையும் முழுசாக முடித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனாலும் திருவண்ணாமலையில் எந்தத் தெருவில் எந்த மனை என்ன விலைக்குப் போகும் என்று தெரிய வேண்டுமானால், படித்தவர்கள்கூட எழுபதுகளிலேயே என்னைத் தேடித்தான் வந்தார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்த வயதில் நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

இந்த ஞானம் எனக்குச் செங்கல்லால் வந்தது. சூளையில் கல் அடுக்கும் கூலியாக ஆரம்பித்து, சொந்தமாக ஒரு மாட்டுவண்டி வாங்கி, அதற்கப்புறம் ஒரு பழைய லாரி வாங்கினேன். செங்கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறவனுக்கு, ஊர் எந்தப் பக்கம் வளரப் போகிறது என்பது ஊருக்கே தெரிவதற்கு முன்னால் தெரிந்துவிடும். முதலில் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு லோடு கேட்பார்கள். அடுத்த வருஷம் அதே பக்கம் நாலைந்து பேர் கேட்பார்கள். அதற்கடுத்த வருஷம் போனால் அங்கே ஒரு டீக்கடை இருக்கும். டீக்கடை வந்துவிட்டதென்றால் அங்கே சல்லிசாக நிலம் வாங்குகிற காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வீட்டுவிலைக்கு இருந்தது ஒரே கணக்குத்தான். கோயிலிலிருந்து எவ்வளவு தூரம்? மாட வீதியை ஒட்டி இருந்தால், சுவர் விரிசல் விட்ட வீடும் ராஜா விலை. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, காற்று உள்ளே வர வழியில்லை, ஏழெட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். இருந்தாலும் தேர் போகிற வீதி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாங்குகிறவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பணத்தை எடுத்துவிடுவார். கொஞ்சம் தள்ளிப் போனால் பாதி விலை. அதையும் தாண்டிப் போனால் விலை கேட்கவே ஆள் கிடையாது.

என் மாமனார் எனக்குப் பெண் கொடுத்ததும் இந்தக் கணக்கில்தான். போளூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அவருக்கு நிலம், மாடு, பம்புசெட்டு எல்லாம் இருந்தன. எனக்கு இருந்தது ஒரு வண்டியும், தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை வாடகைப் போர்ஷனும். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர் என்னைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. சந்திலிருந்து வெளியே வந்தார். கோபுரத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "பொண்ணு இங்க நல்லா இருப்பா" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. கோபுரத்துக்குத்தான் பெண் கொடுத்தார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்படி வந்தவளுக்கு அந்த இரண்டு அறைதான் ராஜ்ஜியம். பிறந்த ஊரில் அவளைச் சின்னவர்கள் எல்லாரும் "திருவண்ணாமலை அக்கா" என்றுதான் சொல்வார்கள். கார்த்திகை தீபம் வந்தால் அவள் சொந்தம் மொத்தமும் எங்கள் சந்தில் வந்து இறங்கும். சுவரோரம் வரிசையாகப் படுப்பார்கள். எனக்கு இடம் இருக்காது. நான் போய் லாரியில் படுத்துக்கொள்வேன். அந்த நாட்களில் அவள் முகத்தில் இருக்கிற களையை வருஷத்தில் வேறெந்த நாளிலும் பார்க்க முடியாது.

"கோயில் பக்கத்துல குடியிருந்தா சொந்தக்காரங்க ஜாஸ்தி, சோறு கம்மி" என்று நான் கிண்டல் செய்வேன்.

"வூடு இங்க இருக்கறதாலதான் வராங்க. காட்டுல போய் குந்திக்கினு இருந்தா எவன் வருவான்?" என்பாள்.

காடு என்று அவள் சொன்னது ஊருக்கு வெளியே இருந்த எல்லா இடத்தையும் சேர்த்துத்தான்.

எண்பதுகளில் எங்கள் போர்ஷனின் வீட்டுக்காரருக்கு வயதாகிவிட்டது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இந்த ரெண்டு ரூமையும் நீயே வாங்கிக்கப்பா. உனக்கு வேணாம்னா லாட்ஜ் கட்டறேன்னு ஒருத்தர் கேக்கறாரு, அவருக்குக் குடுத்துடுவேன். நல்லா யோசிச்சு சொல்லு" என்றார். அவர் சொன்ன விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பணத்துக்கு ஊருக்கு வெளியே மனை வாங்கி, முழு வீடு கட்டி, மிச்சத்தில் ஒரு கிணறும் வெட்டலாம்.

என் செங்கல் எங்கெங்கே போகிறது என்று பார்த்தேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் கொஞ்சம் போனது. வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு அறை தேடுகிறார்கள், அங்கே வாங்கிப் போடு என்று எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் வாடகை மட்டும் எப்படிக் கொடுப்பார்கள் என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன். இப்போது அந்தப் பக்கம் போக நேர்ந்தால் சிரிப்பதில்லை. ஆட்டோக்காரரைக் கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொல்கிறேன்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் ஒரு மனை வந்தது. விலை இல்லையென்றே சொல்லலாம். அதை என் மனைவி போய்ப் பார்க்காமலே தள்ளிவிட்டாள். "பௌர்ணமி ஆனா வாசல்ல நின்னுக்கினு நடந்து வர்றவங்களுக்கெல்லாம் தண்ணி மொண்டு ஊத்தணும். மத்த நாள்ல நான் பேசறதுக்கு அங்க ஆடுதான் இருக்கும்" என்றாள்.

மிச்சம் இருந்தது வேலூர் ரோட்டில் வேங்கிக்கால். என் லாரி அந்தப் பக்கம்தான் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. ஜில்லாவைப் பிரிக்கப் போகிறார்கள், பெரிய ஆபீஸ்கள் எல்லாம் அங்கேதான் வரப்போகின்றன என்று ஊரில் ஒரு பேச்சும் இருந்தது. பேச்சை நான் நம்பவில்லை, என் லோடுகளை நம்பினேன். அங்கே இன்னும் டீக்கடையும் வந்திருக்கவில்லை.

மனையைக் காட்ட அவளை லாரியின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். வேர்க்கடலை பிடுங்கிய நிலம். நாலு மூலையிலும் அளவுக்கல் நட்டிருந்தார்கள். கிழக்கே ஒரு மண்ரோடு. மேற்கே, பிற்காலத்தில் தெரு வரும் என்று கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் மறைக்க ஒன்றுமே இல்லாமல் மலை, அடியிலிருந்து உச்சி வரைக்கும், அப்படியே நின்றது. ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு மலை துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு, நடுவில் யாராவது ஒருவருடைய தண்ணீர்த் தொட்டி.

அவள் முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு மலையைப் பார்த்தாள்.

"சரி, வரேன். ஆனா ஒண்ணே ஒண்ணு. வாசப்படியில நின்னா எனக்குத் தீபம் தெரியணும். தெரிஞ்சா வரேன். தெரியலனா நீங்க மட்டும் வந்து தனியா இருந்துக்குங்க."

"இதுல இன்னா சந்தேகம்? இதோ நிக்குது பாரு, இம்மாம் பெரிசா! இதை எவன் மறைக்கப் போறான்?"

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சந்து வீட்டு வாசலில் நின்றால் எதிர்வீட்டு மாடிதான் தெரியும். தீபத்தன்று சாயங்காலம் அவள் வீதி முனைக்கு ஓடி, கூட்டத்தில் குதிகாலைத் தூக்கி, நாலு தலைக்கு நடுவில் அந்த வெளிச்சத்தை ஒரு கண் பார்ப்பாள். உடனே திரும்பி ஓடி வந்து வாசலில் அகல் வைப்பாள். மலையில் ஏற்றின பிறகுதான் எங்கள் ஊரில் வீட்டு விளக்கு ஏற்றுவது. அதுவரைக்கும் விரதம் இருப்பவர்கள் சாப்பிடவும் மாட்டார்கள்.

வீட்டை நானே பக்கத்தில் நின்று கட்டினேன். வருகிற லோடில் நன்றாக வெந்த கல்லாகப் பார்த்துத் தட்டித் தட்டி ஒதுக்கி வைத்தேன். அத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டுக்கே கல் இறக்கிக்கொண்டிருந்தவன், முதல்முறையாக எனக்கென்று இறக்கினேன். கயிறு கட்டி அளக்கும்போது மேஸ்திரி கேட்டார்:

"மொதலாளி, வாசல் எந்தப் பக்கம்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? ரோடு கிழக்க இருக்குது, சூரியனும் கிழக்க இருக்குது. கிழக்கப் பாத்து வைய்யி."

எங்கள் பக்கத்தில் கிழக்கு வாசல் என்றால் மறுபேச்சு கிடையாது. வீட்டின் மற்ற எல்லாக் குறையையும் அது மூடிவிடும். தேக்கில் வாசல்நிலை செய்து வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்கள். என் மனைவி மட்டும், முழுசாகக் கட்டி முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பால் காய்ச்சுகிற நாள் வந்தது. அவள் பிறந்த வீட்டிலிருந்து முட்டிவலிக்காரியான என் மாமியாரைத் தவிர எல்லாரும் வந்திருந்தார்கள். பால் பொங்கியது. எல்லார் கையிலும் கேசரி. அவள் மெதுவாக வாசலுக்குப் போனாள். தேக்கு நிலையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். எதிரே கண்ணுக்கு எட்டின மட்டும் கடலைக் காடு.

"மலை எங்க?" என்றாள்.

கேசரி தின்றுகொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். நானும் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். மலை மேற்கே இருந்தது. வாசல் கிழக்கே இருந்தது. நடுவில் என் வீடு இருந்தது.

அவளுடைய தம்பி, என் மச்சான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. படியில் இறங்கி வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"மாமா, நெசமாவே மலையைக் காணோமே! செங்கல் லோடுன்னு நெனச்சு லாரியில ஏத்தி எங்கனா எறக்கிட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். கேசரி சிலருக்குப் புரையேறியது.

"மலை எங்கயும் போவல. பின்னால இருக்குது, வா" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கூடத்தைத் தாண்டி, அடுப்பங்கரையைத் தாண்டி, பின்கதவைத் திறந்தேன். இடது பக்கம் குளிக்கிற அறை. வலது பக்கம் கக்கூஸ். நடுவில் துணி துவைக்கிற கல். அந்தக் கல்லுக்கு நேரே மலை, ஒரு குறையும் இல்லாமல்.

பின்னாலேயே வந்த மச்சான் எட்டிப் பார்த்தான். "பரவால்ல மாமா. சொம்பு தூக்கினு வர்றவங்களுக்கு தெனம் காலைல தரிசனம் கெடைக்கும்."

என் மனைவி சிரிக்கவில்லை. "அண்ணாமலையாருக்கே முதுகைக் காட்டிக்கினு ஒரு வூடு கட்டியிருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

"வூட்டுலருந்து மலை தெரியுதில்ல?"

"நான் வாசல்னு சொன்னேனா, கக்கூஸ்னு சொன்னேனா?"

இதில் என் தப்பு என்று எதையும் நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஊர் மொத்தமும் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. கிழக்குப் பார்த்து வாசல் வைத்த வீடு எல்லாவற்றுக்கும் மலை முதுகுப் பக்கம்தான். மலை இருக்கிற இடம் அப்படி, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் அன்றைக்கு இந்த நியாயத்தைக் கேட்க அங்கே யாரும் இல்லை. பால் காய்ச்சின பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் சொந்தத்தோடு சந்துக்கே திரும்பிப் போய்விட்டாள். நான் புது வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பட்டதெல்லாம் அவமானம்தான். லோடு இறக்கப் போகிற இடத்திலெல்லாம், "இன்னாப்பா, குடி போயாச்சா?" என்று கேட்டார்கள். வேலூரிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆபீசர், பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு, விலைக்குக் கொடுக்கிறீர்களா என்று ஆள் விட்டார். போர்ஷன் வீட்டுக்காரரோ, "கார்த்திகை முடியட்டும். அதுக்கு மேல லாட்ஜ்காரர் காத்திருக்கமாட்டாரு" என்று சொல்லிவிட்டார். சந்து வீட்டை வாங்க வேண்டுமென்றால் வேங்கிக்காலை விற்றாக வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள எனக்குச் சக்தி இல்லை.

மச்சான் தூது வந்தான். "மாமா, அக்கா வரமாட்டாங்க. அந்த ஆபீசருக்குத் தள்ளிவிட்டுட்டு சந்து வூட்டையே முடிச்சிடுங்க. ரெண்டு ரூமுனாலும் சாமி பக்கத்துல."

"நான் ஒரு நாள்கூட அங்க படுக்கலையேடா" என்றேன். அவனுக்கே பாவமாகப் போய்விட்டது. அன்றைக்கு வேறு கிண்டல் எதுவும் செய்யாமல் போனான். தீபம் கழித்து வாருங்கள் என்று ஆபீசருக்குச் சொல்லி அனுப்பினேன். அதற்குள் அவள் மனம் மாறவில்லையென்றால் விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

தீபத்தன்று காலையில், பூட்டின வீட்டுக்கும் விளக்கு வைக்க வேண்டுமே என்று, எண்ணெயும் அகலும் எடுத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போனேன். அந்த வருஷம் கூட்டம் ஜாஸ்தி என்று, வேலூர், போளூர் பக்கத்திலிருந்து வந்த பஸ்களை ஊருக்குள் விடாமல் போலீஸ்காரர்கள் வேங்கிக்காலிலேயே ஒரு திடலில் நிறுத்தி ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். முன்படியைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது பார்த்தேன், மூட்டை முடிச்சோடு மச்சான் குடும்பம் வருகிறது. நடுவில் என் மாமியார், ஒவ்வொரு அடிக்கும் "அப்பா, அண்ணாமலையானே" என்று முனகிக்கொண்டு.

"மாப்ள, கோயிலுக்கு இன்னும் எவ்ளோ தூரம்?"

"ரெண்டு மைலுக்கு மேல இருக்கும் அத்தை. பஸ் கெடையாது, நடந்துதான் போவணும்."

அவர் பட்டென்று படியில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து விரதம் வேறு.

"நான் இதுக்கு மேல ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன். இது யாரு வூடு?"

"உங்க பொண்ணு வூடுதான்."

"என் பொண்ணு வூடு இங்க இருக்கும்போது நான் எதுக்கு வாடகை வூட்டுக்கு ரெண்டு மைல் நடக்கணும்? கதவைத் தொறங்க மாப்ள."

திறந்தேன். மச்சான் அக்காவைக் கூட்டி வர ஊருக்குள் ஓடினான். மத்தியானத்துக்கு மேல் அவள் வந்தாள். இடுப்பில் மாவுக் குண்டான், பின்னால் பொரியும் வெல்லமுமாக, ஏற்கெனவே சந்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த மற்ற சொந்தக்காரர்கள். அவ்வளவு கூட்டத்தையும் எதிர்த்து நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது.

"பஸ்ஸையெல்லாம் இங்கயே நிறுத்தச் சொல்லி நீங்கதானே ஏற்பாடு பண்ணீங்க?"

"ஆமா, போலீஸ்காரங்க என்னைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யறாங்க" என்றேன். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு செல்வாக்கு எனக்கு உண்டென்று அதற்கு முன்பு யாருமே நினைத்ததில்லை.

சாயங்காலம் எல்லாரும் பின்பக்கம் போய் நின்றார்கள். மாமியாரைத் துணி துவைக்கிற கல்மேல், கீழே ஒரு கோணியை மடித்துப் போட்டு, உட்காரவைத்தோம். மழை விட்டு வானம் கழுவினாற்போல் இருந்தது. என் மனைவி பின்கதவுப் படியில் தனியாக நின்றாள். மலை உச்சியில் சின்னதாக ஒரு மினுக்கு. அப்புறம் குபீரென்று எழுந்தது. ஊர்ப்பக்கமிருந்து அரோகரா சத்தம் அலை மாதிரி வந்து எங்களைத் தொட்டது. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவள் கும்பிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குறுக்கே ஒரு தலை கிடையாது. குதிகாலைத் தூக்க வேண்டிய வேலையும் இல்லை.

"ஏன்டி, இத்தினி வருஷமா வரேன்" என்றார் மாமியார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒரு தரமாவது என்னைக் குந்தவெச்சுத் தீபம் காட்டியிருக்கியா நீ?"

என் மனைவி விடுவிடென்று வீட்டுக்குள் நடந்தாள். முன்வாசல் படியில் நான் அழகாக வரிசைப்படுத்தி வைத்திருந்த அகல்களை ஒன்றுவிடாமல் தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பின்கதவுப் படியில் ஒவ்வொன்றாக வைத்து ஏற்ற ஆரம்பித்தாள்.

"அக்கா, அது பின்வாசல்க்கா" என்றான் மச்சான்.

"எவன் சொன்னான்? மலை நிக்கற பக்கம் முன்பக்கமா, கடலைக் காடு இருக்கற பக்கம் முன்பக்கமா? உன் மாமாவுக்குத்தான் தெசை தெரியல, உனக்குமா?"

அவள் சந்துக்குத் திரும்பிப் போகவில்லை. மறுநாள் சந்திலிருந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு வர லாரியோடு என்னைத்தான் அனுப்பினாள். வீட்டுக்காரர் போர்ஷனை லாட்ஜ்காரருக்கே கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் மேஸ்திரி வந்தார். தேக்கு நிலையைக் கிழக்கிலிருந்து பெயர்த்து மேற்கே வைத்தார். பின்கட்டிலிருந்த கக்கூஸை இடித்து முன்கட்டில் கட்டினார். கூடம் இருந்த இடத்துக்கு அடுப்பங்கரை போனது, அடுப்பங்கரை இருந்த இடத்துக்குக் கூடம் வந்தது. "நான் அன்னிக்கே கேட்டேன் மொதலாளி" என்று பூசுகிற கரணையைக் கழுவும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டது எனக்கு ஞாபகமில்லை என்று ஒவ்வொரு தரமும் நானும் சொன்னேன்.

சுண்ணாம்பு காய்வதற்குள் அந்த ஆபீசரே நேரில் வந்துவிட்டார். மண்ரோட்டிலிருந்து இறங்கிக் கிழக்குப் பக்கம் இருந்த கதவைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார்.

"சார், அது கக்கூஸு! வாசல் இந்தப் பக்கம், சுத்திக்கினு வாங்க" என்று என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

பாவம், சுற்றிக்கொண்டு வந்து தேக்கு நிலைக்கு முன்னால் நின்றார். திரும்பி மலையைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்க்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உட்காரவைத்தோம். முன்பு சொல்லி அனுப்பியதைவிட ஜாஸ்தியாக ஒரு விலை சொன்னார்.

"அது வூட்டுக்கு சரியாதான் சார் இருக்கும்" என்றாள் அவள், காபியைக் கையில் கொடுத்துக்கொண்டே. "மலைக்கு எவ்ளோ?"

ஆபீசர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

நான் அவளைப் பார்த்தேன்.

"காபி ஆறுது சார், குடிங்க" என்றேன்.